பென்டாட்ரைக்கோபெப்டைடு: சொல்லும் பொருளும்

தாவர மரபணுவியலில் அடிக்கடி அடிபடும் பெயர் பிபிஆர் புரதம். அதை விரித்தால் பென்டாட்ரைக்கோபெப்டைடு ரிபீட் என்று நீளும்; ரிபீட் என்றால் மீண்டும் வருவது. வாயில் நுழையாத சொல்போலத் தோன்றினாலும் பிரித்தால் அதில் இருப்பது ஓர் எண்தான். கிரேக்கத்தில் பென்டா என்றால் ஐந்து. ட்ரைக்கோ, முப்பதைக் குறிக்கும் ட்ரியாகொன்டாவின் குறுக்கம். பெப்டைடு என்பது அமினோ அமிலங்கள் கோத்த சிறு தொடர். 34 அமிலத் தொடர் கொண்ட டெட்ராட்ரைக்கோபெப்டைடு குடும்பத்துக்கு முன்பே பெயர் வைத்திருந்தார்கள். 2000ஆம் ஆண்டில் இயன் ஸ்மால், நேமோ பீட்டர்ஸ் என்ற ஆய்வாளர்கள் அதே வழியில் 35க்கு இந்தப் பெயரைச் சூட்டினார்கள்.

இங்கே ஒரு குழப்பம் வரும். இந்தப் புரதத்தில் ஒரே மாதிரியான சிறு தொடர் அடுக்கடுக்காக வரும். 35 என்பது அந்த அடுக்குகளின் எண்ணிக்கை அல்ல, ஓர் அடுக்கில் உள்ள அமினோ அமிலங்களின் எண்ணிக்கை. அதனால் ‘முப்பத்தைந்து அடுக்குப் புரதம்’ என்று தமிழாக்கினால் பொருள் தப்பிவிடும். ‘முப்பத்தைந்து அமில மீள்கூற்றுப் புரதம்’ என்பதே சரி என்பேன். ஒரே அமைப்பு மீண்டும் மீண்டும் வருவதால் மீள்கூறு. ஒருமுறை முழுதாக எழுதிவிட்டு அப்புறம் மீள்கூற்றுப் புரதம் என்றாலே போதும்.

ஒவ்வொரு மீள்கூறும் இரண்டு சுருளாக மடிந்து நிற்கும். ஒரு மீள்கூறு, மரபணுவின் நகலான ஆர்என்ஏவின் ஓர் எழுத்தைப் பிடிக்கும். எந்த எழுத்து என்பதை மீள்கூற்றின் இரண்டு இடங்களில் உள்ள அமிலங்கள் முடிவு செய்கின்றன. அங்கே த்ரியோனின், அஸ்பராஜின் என்ற அமிலங்கள் இருந்தால் அடினைன் என்ற எழுத்து. அஸ்பராஜின் இடத்தில் அஸ்பார்டிக் அமிலம் வந்தால் குவானைன். இப்படி வரிசையாகப் படித்துத் தனக்குரிய ஆர்என்ஏவைப் புரதம் கண்டுகொள்கிறது. மனிதரிடம் இவ்வகைப் புரதங்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியிலோ சுமார் 450!

இவற்றில் பெரும்பாலானவை போய்ச் சேரும் இடங்கள் பசுங்கணிகமும் மைட்டோகாண்ட்ரியாவும். பின்னதற்கு இழைமணி என்ற அருமையான தமிழ்ப்பெயர் உண்டு. 1898இல் கார்ல் பெண்டா வைத்த பெயரிலும் இழை, மணி என்ற அதே இரண்டு பொருள்கள்தான் உள்ளன. தாவர இழைமணியில் மரபணு எழுதியபடியே ஆர்என்ஏ பயன்படுவதில்லை. பல இடங்களில் சைட்டோசின் என்ற எழுத்தை யுராசில் என்ற எழுத்தாக மாற்றியாக வேண்டும். 1989இல் தெரியவந்த இந்தத் திருத்தம் அராபிடாப்சிஸ் இழைமணியில் மட்டும் 400க்கும் மேற்பட்ட இடங்களில் நடக்கிறது. இடையில் உள்ள தேவையற்ற துண்டுகளையும் வெட்டி நீக்க வேண்டும். எங்கே திருத்துவது, எங்கே வெட்டுவது என்று இடம் காட்டும் வேலையில் மீள்கூற்றுப் புரதங்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

ஒரே ஒரு புரதம் பழுதானாலும், இழைமணியில் ஆற்றல் தரும் சுவாசச் சங்கிலியின் ஒரு பகுதி உருவாகாமல் போகலாம். அப்போது விதை தாமதமாக முளைக்கும், செடி குட்டையாக நிற்கும், பூப்பது தள்ளிப்போகும். மக்காச்சோளத்தில் ஈஎம்பி4 என்ற மீள்கூற்றுப் புரதம் செயலிழந்தால் மணிக்குள் முளைக்கு உணவூட்டும் முளைசூழ்தசை சரியாக வளராது; மேல்தோல் மட்டும் மிஞ்சும். நெல்லில் பதர் என்போமே, ஏறக்குறைய அந்த நிலை.

வீரிய ஒட்டு நெல்லில் இந்தப் புரதம் நேரடியாகவே உழவருக்கு உதவுகிறது. 1970இல் சீனாவின் ஹைனான் தீவில் கிடைத்த மகரந்த மலட்டுக் காட்டு நெல்லிலிருந்து, ஒட்டுச்சேர்ப்பில் தாயாக நிற்கும் ஒரு நெல் வழி உருவானது. அதன் இழைமணியில் உள்ள டபிள்யூஏ352 என்ற மரபணு, மகரந்தத்தை ஊட்டி வளர்க்கும் திசுவை முன்கூட்டியே சாகடிக்கிறது. தன் மகரந்தம் இல்லாததால் அந்தச் செடி வேறு ரகத்தோடு எளிதில் ஒட்டுச்சேரும். ஆனால் அந்த மலட்டுத்தன்மை மகள் செடிக்கும் போனால் விளைச்சல் ஏது? அதைத் தடுக்கத் தந்தை வழியிலிருந்து ஆர்எஃப்4 என்ற மரபணு வர வேண்டும். அது உருவாக்குவதும் ஒரு மீள்கூற்றுப் புரதமே. இழைமணிக்குள் சென்று டபிள்யூஏ352இன் ஆர்என்ஏவைக் குறைக்கிறது. மகரந்தம் பிழைத்து, கதிரில் பால் பிடிக்கிறது.