கூட்டலில் நிற்பதை அடிக்காதீர்கள்

மேலே க + 6, கீழே 6. இப்படி ஒரு பின்னத்தைப் பார்த்ததும் பேனா தானாகவே இரண்டு 6-ஐயும் அடித்துவிடும். விடை க. சரிதானா? க-வுக்கு 6 என்று வைத்துப் பாருங்கள். மேலே 12, கீழே 6, விடை 2. அடித்து எழுதிய விடையோ 6.

அடிப்பது என்று நாம் சொல்வது உண்மையில் வகுத்தல். 6/8 என்பது (2×3)/(2×4). அதிலுள்ள 2/2-இன் மதிப்பு 1. ஒன்றால் பெருக்கினால் எதுவும் மாறாது என்பதால் அதை விட்டுவிட்டு 3/4 என்கிறோம். தொகுதி, பகுதி இரண்டையும் முழுதாகப் பெருக்கி நிற்கும் காரணிக்குத்தான் இந்தச் சலுகை. க + 6-இல் உள்ள 6 வெறும் உறுப்பு, அதாவது கூட்டலில் நிற்கும் ஒரு துண்டு. வகுப்பதென்றால் க-வையும் சேர்த்தே வகுக்க வேண்டும்: க/6 + 1.

(16/64-இல் இரண்டு 6-ஐயும் அடித்தால் 1/4 வரும், விடையும் சரி! அது குருட்டு அதிர்ஷ்டம். 13/34-இல் 3-ஐ அடித்துப் பாருங்கள், குட்டு வெளிப்பட்டுவிடும்.)

அப்படியானால் கூட்டலும் கழித்தலுமாக வரும் கோவையை எப்படிச் சுருக்குவது? முதலில் அதைப் பெருக்கலாக மாற்ற வேண்டும். காரணிப்படுத்துவது இதற்காகத்தான்.

(க² − 9) / (க² + 5க + 6)

இங்கே க²-ஐ அடிக்கக் கை துறுதுறுக்கும். கொஞ்சம் பொறுங்கள். மேலே இரண்டு வர்க்கங்களின் வித்தியாசம்: (க − 3)(க + 3). கீழே, பெருக்கினால் 6, கூட்டினால் 5 வரும் எண்கள் 2, 3: (க + 2)(க + 3). இரண்டிலும் (க + 3) இருக்கிறது. அதை அடித்தால் மிஞ்சுவது (க − 3)/(க + 2). க = 1 என்று போட்டால் பழையது −8/12, புதியது −2/3. இரண்டும் ஒன்றே.

சில சமயம் பொதுக்காரணி வேடம் போட்டு வரும். (5 − க)/(க − 5) சுருங்காததுபோல் தெரியும். மேலிருந்து −1-ஐ வெளியே எடுத்தால் −(க − 5), விடை −1.

அப்புறம், பலரும் மறந்துவிடும் ஒரு விஷயம். முன்பு சுருக்கிய (க² − 9) / (க² + 5க + 6)-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். க = −3 என்றால், சுருக்கிய வடிவமான (க − 3)/(க + 2) 6 என்று அமைதியாக விடை சொல்லும். மூலப் பின்னத்தில் போட்டால் 0/0, அதாவது மதிப்பே இல்லை. நாம் அடித்த (க + 3) அந்த இடத்தில் பூச்சியம். பூச்சியத்தால் வகுக்க முடியாது. வரைபடம் போட்டால் இரண்டுக்கும் ஒரே வளைகோடுதான் வரும், ஆனால் மூலத்தின் கோட்டில் (−3, 6) என்ற இடத்தில் மட்டும் ஒரு ஊசித்துளை இருக்கும். அதனால்தான் விடைக்குப் பக்கத்தில் க ≠ −3 என்றும் எழுதுகிறோம்.