கிரியாட்டினின் 1.3: நார்மல்தானா?

பாம்பனிலிருந்து வந்திருந்தார். விசைப்படகில் நாற்பது வருடம் ஓடியவர், பீடியும் அதே நாற்பது வருடம். வயிற்றுப் பெருந்தமனி வீங்கி, மதுரையில் ஸ்டென்ட் வைத்து ஆறாம் நாள்.

மகள் ரிப்போர்ட்டை நீட்டினார். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் 1.3. "நார்மல்னுதானே டாக்டர் போட்டிருக்கு?" பக்கத்தில் அச்சடித்திருந்த அளவு 0.7 முதல் 1.3 வரை.

ஆபரேஷனுக்கு முந்தைய தாள் இருக்கிறதா என்று கேட்டேன். பாலித்தீன் பையில் ரேஷன் கார்டோடு மடித்து வைத்திருந்தார்கள். ஈரம் பட்டு மை ஊறிப்போன அந்தத் தாளில் 0.8.

ஒரு வாரத்துக்குள் ஒன்றரை மடங்கு ஏறினால் சிறுநீரகம் அடிபட்டிருக்கிறது என்று பொருள். இரண்டே நாளில் 0.3 ஏறினாலும் அப்படித்தான். விசாரித்ததில், இடுப்பு வலிக்கு இரண்டு நாளாக வலி ஊசி போட்டிருக்கிறார். ஸ்டென்ட் வைக்கும்போது ஏற்றிய சாய மருந்தே சிறுநீரகத்துக்குச் சுமை. அதன்மேல் இந்த ஊசி. உடனே நிறுத்தி, அட்மிட் செய்தோம். பத்து நாளில் 0.9க்கு இறங்கியது. அந்தப் பழைய தாள் இல்லாவிட்டால் நானும் '1.3 தானே' என்று அனுப்பியிருக்கக்கூடும். ஆபரேஷனுக்கு முந்தைய ரிப்போர்ட்டைத் தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள். கிரியாட்டினின் ஏற ஓரிரு நாளாகும், சிறுநீர் குறைவது அதற்கு முன்பே தெரியும். அதையும் கவனியுங்கள்.

ஸ்டென்ட் வைத்தபின் வரும் காய்ச்சலுக்கு வருவோம். ஸ்டென்டைச் சுற்றியுள்ள துணிக்கு உடம்பு காட்டும் எதிர்ப்பிலேயே முதல் சில நாள் காய்ச்சல் வரலாம், உடம்பில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி என்ற ரத்த அளவும் ஏறலாம். பெரும்பாலும் தானே தணியும். கிருமித்தொற்றா என்று பிரித்தறிய புரோகால்சிட்டோனின் என்ற ரத்தப் பரிசோதனை ஓரளவு உதவும். ஆனால் குளிர் நடுக்கம் வந்தாலோ காய்ச்சல் விடாமல் அடித்தாலோ வீட்டில் காத்திருக்க வேண்டாம்.

வயிற்று வலியோடு ரத்தம் கலந்து மலம் போனால், பெருங்குடலுக்கு ரத்தம் போகவில்லையோ என்று சந்தேகப்பட வேண்டும். அப்போது ரத்தம் கிடைக்காத திசுவிலிருந்து வரும் லாக்டேட்டின் அளவைப் பார்ப்போம், ஆனால் அது தாமதமாகத்தான் ஏறும். நார்மலாக இருந்தாலும் எனக்கு நிம்மதி வராது. மாரடைப்பு நெஞ்சுவலி இல்லாமலே வரக்கூடும் என்பதால் முதல் இரண்டு மூன்று நாள் இதயத் தசை அடிபட்டால் ரத்தத்தில் ஏறும் ட்ரோபோனினும் எடுப்பதுண்டு.

"வருஷா வருஷம் ஸ்கேன் எதுக்கு, ரத்தத்துலயே பார்த்துடக் கூடாதா?" என்று நிறைய பேர் கேட்கிறார்கள். ஸ்டென்டையும் தாண்டிப் பழைய வீக்கத்துக்குள் ரத்தம் கசிந்தால், அதை நம்பிச் சொல்லும் ரத்தப் பரிசோதனை இன்னும் வரவில்லை. ரத்தக்கட்டி கரையும்போது ஏறும் டி-டைமரை ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள், ஆனால் அது வேறு பல காரணங்களாலும் ஏறும். ஸ்கேன்தான் வழி. பொதுவாக முதல் மாதம், ஒரு வருடம், அப்புறம் வருடந்தோறும். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்குச் சாயம் ஏற்றாமல் ரத்த ஓட்டத்தை ஒலி அலையால் பார்க்கும் டாப்ளர் ஸ்கேனிலும் பார்க்கலாம். கடலுக்குப் போகிறவர்கள் வருடாந்திர ஸ்கேனை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்துக்குக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், தொழில் கெடாது.

திடீரென்று முதுகிலோ வயிற்றிலோ கடும் வலி, கண் இருட்டல், மயக்கம் என்றால் ரத்தம் கொடுக்க லேபுக்குப் போகாதீர்கள். பாம்பனிலிருந்து மதுரை நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல். உடனே 108ஐ அழைத்து, ஸ்டென்ட் வைத்தவர் என்று முதல் வார்த்தையிலேயே சொல்லுங்கள்.