மினியேச்சர் குதிரை: குள்ளமா, சிற்றுருவா?

‘குள்ளக் குதிரைகளில் குள்ளத்தன்மையைத் தடுப்பது எப்படி?’ என்று ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்த ஒரு கட்டுரையின் தலைப்பை அண்மையில் படிக்க நேர்ந்தது. குள்ளக் குதிரையில் குள்ளத்தைத் தடுத்துவிட்டால் மிஞ்சுவது சாதாரணக் குதிரைதானே என்று பள்ளிப் பிள்ளைகூடக் கேட்கும். ஒருமுறை என்றால் கை தவறிவிட்டது என்று விட்டுவிடலாம். மினியேச்சர் குதிரையைப் பற்றித் தமிழில் எதைப் படித்தாலும் இந்தக் ‘குள்ளக் குதிரை’யே வந்து மேய்ந்துகொண்டிருப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

ஆங்கில மூலத்தில் இருப்பவை மினியேச்சர், டுவார்ஃப் என்ற இரு வேறு சொற்கள். மினியேச்சர் என்பது இனத்தின் பெயர். 1978இல் தொடங்கப்பட்ட அமெரிக்க மினியேச்சர் குதிரைச் சங்கம், பிடரியின் கடைசி மயிர் முளைக்கும் இடத்தில் அளந்தால் 34 அங்குலத்துக்கு, அதாவது ஏறத்தாழ 86 செ.மீ.க்கு, மேற்படாத குதிரையையே தன் பதிவேட்டில் ஏற்கிறது. உயரம் குறைந்தாலும் தலைக்கும் கழுத்துக்கும் காலுக்கும் உள்ள விகிதம் பெரிய குதிரையில் உள்ளபடியே இருக்க வேண்டும். பக்கத்தில் ஆளோ வேலியோ இல்லாத படத்தில் அதன் அளவே தெரியக் கூடாது என்பது வளர்ப்போரின் எதிர்பார்ப்பு. டுவார்ஃப் என்பதோ அந்த இனத்துக்குள் நோயோடு பிறக்கும் குட்டி: நெற்றி புடைத்த பெரிய தலை, மேல்தாடையைத் தாண்டி நீண்ட கீழ்த்தாடை, குறுகிய கழுத்து, வளைந்த கால்கள், பருத்த வயிறு. 2001இல் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் பிறந்து, 44.5 செ.மீ. உயரத்துடன் உலகின் மிகச் சிறிய குதிரையாகக் கின்னஸ் ஏட்டில் இடம்பெற்ற தம்பலினா இந்த இரண்டாம் வகை. அதன் படத்தைப் போட்டு ‘இதுதான் குள்ளக் குதிரை இனம்’ என்று எழுதுவது, நோயாளியைக் காட்டி ஊரே இப்படித்தான் என்பதற்கு ஒப்பானது.

மினியேச்சர் என்ற சொல்லின் பிறப்பில் சிறுமையே கிடையாது. இலத்தீனில் மினியம் என்றால் ஈயச் செந்தூரம். அந்தச் சிவப்பால் ஏடுகளை அழகுபடுத்தியதைக் குறித்த சொல், அவ்வோவியங்கள் சிறியவையாக இருந்ததாலும் மைனர், மினிமம் போன்ற சொற்களின் ஒலிச்சாயலாலும், சிறிய அளவில் முழுமையாக அமைந்தது என்னும் பொருளுக்கு நகர்ந்தது. வரலாறு இவ்வளவு போதும்.

குள்ளமும் சிறுமைதானே என்பார்கள். அன்று. தன் இனத்தாரின் நடுவே நிறுத்திப் பார்த்துத்தான் ஒருவரைக் குள்ளம் என்கிறோம். வளர வேண்டிய அளவுக்கு வளரவில்லை என்ற குறை அச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. குட்டைத் தென்னை, புங்கனூர்க் குட்டை மாடு என்கிறோமே, அங்கே என்ன நோய் இருக்கிறது என்று நண்பர் ஒருவர் மடக்கினார். நியாயமான கேள்விதான். அங்கே அதே பெயரில் ஒரு நோய் போட்டிக்கு வந்து நிற்கவில்லை, இங்கே நிற்கிறது. ஒரே வாக்கியத்தில் இனமும் நோயும் வரும்போது இரண்டுக்கும் ஒரே சொல்லைக் கொடுப்பது மொழிபெயர்ப்பு ஆகாது. ‘குட்டிக் குதிரை’ என்போர் அந்தக் குதிரை ஈனும் குட்டியை என்னவென்று அழைப்பார்களோ, தெரியவில்லை. ‘மட்டக்குதிரை’ நல்ல பழைய சொல், ஆனால் அது போனி என்னும் வேறொரு குட்டையான குதிரை வகைக்கு உரியது. மினியேச்சர் வளர்ப்பவரிடம் போய் உங்கள் போனி நலமா என்று கேட்டால் முகம் சுளிப்பார்.

நான் எழுதுவது சிற்றுருக் குதிரை. சிறுமையும் உருவும் சிற்றூர் போலவே புணர்ந்த சொல் அது. சிற்றூரை வளர்ச்சி குன்றிய பேரூர் என்றோ, சிற்றிலை இடிந்த வீடு என்றோ யாரும் கொள்வதில்லை. அளவு சிறிது, உரு முழுது. இதுவும் வேண்டாம் என்போர் மினியேச்சர் குதிரை என்றே எழுதட்டும். தவறான தமிழைவிடச் சரியான கடன்சொல் மேல் என்பது என் கட்சி, தூய்மை பேசும் நண்பர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி. நோய்க்குக் குள்ளம் என்பதையே வைத்துக்கொள்ளலாம். குருத்தெலும்பு வளர்ச்சியின் கோளாறால் வருவதால் குருத்தெலும்புக் குள்ளம் என்றால் இன்னும் தெளிவு.

அக்ரிகன் என்ற குருத்தெலும்புப் புரதத்துக்கான ஏசிஏஎன் மரபணுவில் நான்கு திரிபுகள், அதாவது மாற்றங்கள், இந்நோயோடு தொடர்புடையவை எனக் கென்டக்கி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்டனர். டி1 முதல் டி4 வரை அவற்றுக்குப் பெயர். ஒன்று மட்டும் இருந்தால் குதிரை நலமாகவே இருக்கும். தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றும், எண் வேறாக இருந்தாலும், சேர்ந்துவிட்டால் குட்டி குள்ளமாகிறது. சில சேர்க்கைகளில் கரு வயிற்றிலேயே கலைந்துவிடுவதும் உண்டு. ஒற்றைத் திரிபுள்ள இரண்டை இணைத்தால் ஒவ்வொரு ஈற்றிலும் 25 விழுக்காடு இந்த ஆபத்து. அதில் ஒன்றைத் திரிபற்ற துணையோடு இணைத்தால் இந்த நான்கால் வரும் குள்ளம் பிறக்காது. ஆகவே பிடரியிலிருந்தோ வாலிலிருந்தோ வேரோடு பிடுங்கிய மயிரை டேவிஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் கால்நடை மரபியல் ஆய்வகம் போன்ற இடங்களுக்கு அனுப்பி, முடிவைப் பார்த்த பிறகே கவனமுள்ள வளர்ப்போர் சேர்க்கைக்கு விடுகிறார்கள். ‘குள்ளக் குதிரையை இனப்பெருக்கத்துக்கு விடாதீர்கள்’ என்ற அறிவுரையை நம் மொழிபெயர்ப்பாளர் சொற்படி கேட்டால் இனமே அற்றுப்போகும்.

அதே கட்டுரை, ஆங்கிலத்தில் கேரியர் எனப்படும் ஒற்றைத் திரிபுள்ள குதிரைக்குக் ‘கடத்தி’ என்றும் பெயரிட்டிருக்கிறது. கொசுவும் கடத்தி, செம்புக்கம்பியும் கடத்தி, விமானநிலையத்தில் தங்கத்தோடு பிடிபடுபவரும் ஏறக்குறைய அதே. இந்தக் குதிரையோ பக்கத்துக் கொட்டிலுக்கு எதையும் கடத்துவதில்லை. தனக்கு நோயில்லாமல் திரிபைச் சுமந்து நிற்கிறது, அவ்வளவே. சாலையோரச் சுமைதாங்கிக் கல்லைக் கண்ட மொழிக்குத் ‘திரிபுதாங்கி’ எட்டாத சொல்லன்று. இலங்கையில் தாங்கி என்றால் நீர்த்தொட்டி நினைவுக்கு வரும் என்ற தடை உண்டு. திரிபோடு சேர்ந்து வரும்போது அந்தக் குழப்பமும் எழாது. சோதனையில் ஒரு டி2 வந்த பெண்குதிரையைக் கடத்தி என்று எழுதிக் கொடுத்தால், வாங்க வந்தவர் தொற்றுநோய் என்று அஞ்சிக் கயிற்றைப் போட்டுவிட்டு நடப்பார். திரிபுதாங்கி என்று எழுதினால், திரிபற்ற பொலிகுதிரை எங்கே கிடைக்கும் என்று கேட்பார்.