கடைசிக் கம்பத்தில் வோல்டேஜ் ஏன் குறைகிறது?

2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அதுவரை கண்டிராத உச்சம் அது. அந்தச் சுமையை மின்வாரியம் தாங்கி நின்றது. 2012-இல் சென்னைக்கு வெளியே ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாமல் தவித்த மாநிலம் இது என்பதை நினைத்தால், சாதாரண மாற்றமல்ல. ஆனாலும் மதுரையின் ஓரப்பகுதிகளில் கோடை வந்தால் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் ஃபேன் சோர்ந்து சுற்றுகிறது, ஸ்டெபிலைசர் டக் டக்கென்று அடித்துக்கொள்கிறது, ஏ.சி. ஓடுவதும் நிற்பதுமாக இருக்கிறது. மாநிலத்தில் போதுமான மின்சாரம் இருக்கும்போது தெருக்கோடி வீட்டுக்கு மட்டும் ஏன் இந்தப் பாடு? பதில் பெரும்பாலும் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மருக்கும் வீட்டு மீட்டருக்கும் நடுவே இருக்கும் சில நூறு மீட்டர் கம்பியில் இருக்கிறது.

கரண்ட் வரும் வழியைக் கொஞ்சம் பார்ப்போம். தேக்கடியிலிருந்து சுரங்கம் வழியாக மலையிறங்கும் பெரியாற்றுத் தண்ணீர், லோயர் கேம்ப்பில் டர்பைன்களைச் சுற்றிவிட்டுத்தான் வைகைப் பக்கம் வருகிறது. கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் 2016-லிருந்து ஓடுகிறது. கூடங்குளத்தில் தலா 1,000 மெகாவாட்டில் இரண்டு அணு உலைகள். இவையெல்லாம் மாநிலத்தின் பொதுவான மின்தொகுப்பில் கலக்கின்றன. அங்கிருந்து 400, 230, 110 கே.வி. (ஒரு கே.வி. என்றால் ஆயிரம் வோல்ட்) என்று துணைமின் நிலையங்களில் படிப்படியாக இறங்கி, ஊருக்குள் 11 கே.வி. அல்லது 22 கே.வி. ஃபீடராக, அதாவது விநியோகக் கம்பித்தடமாக, வருகிறது. கடைசியாகத் தெரு டிரான்ஸ்ஃபார்மர் அதை 433 வோல்ட்டாக மாற்றுகிறது. அங்கிருந்து கரண்டைக் கொண்டுவரும் மூன்று கம்பிகள்தான் ஃபேஸ், அது திரும்பிப் போகும் கம்பி நியூட்ரல். இரண்டு ஃபேஸுக்கு நடுவே 433 என்றால், ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே அது 250 வோல்ட். வீட்டுக்கு வேண்டியது 230 தான். வழியில் குறையும் என்று தெரிந்தே கொஞ்சம் கூட்டி அனுப்புகிறார்கள்.

இத்தனை படி எதற்கு? 100 கிலோவாட் மின்சாரத்தை 11 கே.வி. கம்பியில் அனுப்பினால் ஏறத்தாழ 5 ஆம்பியர்தான் ஓடும். அதையே 400 வோல்ட்டில் அனுப்பினால் 144 ஆம்பியர், அதாவது 27 மடங்குக்கும் மேல். கம்பி சூடாகி வீணாவதோ ஆம்பியரின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே ஒரே கம்பியில், ஒரே தூரத்தில், இழப்பு 750 மடங்கு கூடிவிடுகிறது. ஹெச்.டி. லைன், அதாவது 11 கே.வி. போன்ற உயரழுத்தக் கம்பி, பத்து கிலோமீட்டர் போனாலும் தாங்கும். எல்.டி. லைன், அதாவது டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வீட்டுக்கு வரும் தாழ்வழுத்தக் கம்பி, அரை கிலோமீட்டரைத் தாண்டினாலே தள்ளாடும்.

ஒரு கணக்குப் போடலாம். கிலோமீட்டருக்கு 0.9 ஓம் மின்தடை உள்ள கம்பி, 500 மீட்டர் நீளம். அதன் கடைசியில் ஒவ்வொரு ஃபேஸிலும் 50 ஆம்பியர் இழுக்கிறார்கள். டிரான்ஸ்ஃபார்மரை விட்டுக் கிளம்பும்போது 240 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். கம்பியில் 22.5 வோல்ட் போய், கடைசி வீட்டுக்கு 217 வந்து சேரும். விதிப்படி 230-க்குக் கூடவும் குறையவும் 6 சதவீதம் வரை இருக்கலாம், அதாவது கீழ்வரம்பு 216. தப்பித்தோம்.

ஆனால் இந்தக் கணக்கு மூன்று ஃபேஸிலும் சுமை சமமாக இருந்தால்தான். மூன்று ஃபேஸின் ஏற்ற இறக்கமும் ஒன்றுக்கொன்று ஒரு சுற்றில் மூன்றில் ஒரு பங்கு தள்ளி வருவதால், சுமை சமமாக இருக்கும்போது நியூட்ரலில் திரும்பும் மின்னோட்டங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். நியூட்ரல் கம்பியில் இழப்பே இருக்காது. இப்போது அந்த 50 ஆம்பியர் ஒரே ஃபேஸில் மட்டும் ஓடுகிறது என்று வையுங்கள். போகும்போது 22.5 வோல்ட், நியூட்ரல் வழியாகத் திரும்பும்போது இன்னொரு 22.5 வோல்ட். கடைசி வீட்டில் 195. கம்பியும் டிரான்ஸ்ஃபார்மரும் அதேதான், தூரமும் அதேதான். சுமையைப் பிரித்த விதம் மட்டுமே வேறு.

நடைமுறையில் அந்தச் சமநிலை எப்படிக் கெடுகிறது என்பதை எந்தத் தெருவிலும் பார்க்கலாம். த்ரீ ஃபேஸ் இணைப்பு உள்ள வீடுகளில் மெயின் போர்டு பக்கத்திலேயே ஃபேஸ் மாற்றும் சுவிட்ச் ஒன்று இருக்கும். ஒரு ஃபேஸில் வோல்டேஜ் குறைந்தால் டக்கென்று நல்ல ஃபேஸுக்குத் திருப்பிவிடுவார்கள். அடுத்த வீட்டுக்காரரும் அதையே செய்வார். கால் மணி நேரத்தில் தெரு முழுக்க அந்த ஒரே ஃபேஸில் ஏறி உட்கார்ந்திருக்கும். டிரான்ஸ்ஃபார்மரில் அந்த ஃபியூஸும் போகும். 100 கே.வி.ஏ. திறனுள்ள டிரான்ஸ்ஃபார்மர் ஒரு ஃபேஸுக்கு 133 ஆம்பியர்தான் தரும். ஒன்றரை டன் ஏ.சி. ஒன்று ஏறக்குறைய 7 ஆம்பியர் இழுக்கும். பத்தொன்பது ஏ.சி. ஓடினால் அந்த ஃபேஸ் நிரம்பிவிட்டது. ஃபிரிட்ஜுக்கும் மோட்டாருக்கும் இடமே இல்லை.

வோல்டேஜ் குறைந்தால் சுமையும் குறைந்துவிடாதா என்று கேட்கலாம். குண்டு பல்பு காலத்தில் அப்படித்தான் இருந்தது. வோல்டேஜ் இறங்கினால் பல்பு மங்கும், இழுக்கும் கரண்டும் குறையும், லைன் கொஞ்சம் மூச்சுவிடும். இன்றைய இன்வெர்ட்டர் ஏ.சி. அப்படி இல்லை. தனக்கு வேண்டிய வாட்டை எப்படியும் எடுத்துக்கொள்ளும்படி வடிவமைக்கப்பட்டது அது. வோல்டேஜ் குறைந்தால் அதற்கு ஈடாகக் கூடுதல் ஆம்பியர் இழுக்கும். அதனால் வோல்டேஜ் இன்னும் இறங்கும். ஓடிக்கொண்டிருக்கும் போர்வெல் மோட்டாரும் சுமையை விடாமல் இழுக்கப்பார்த்து, கரண்டைக் கூட்டி, காயில் கருகிப்போகும். காயில் கட்டும் கடைகளுக்குக் கோடையில் ஏன் கூட்டம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தச் சிக்கல் மதுரையில் ஓரப்பகுதிகளை அதிகம் தாக்குவதற்கு ஊர் வளர்ந்த விதமும் காரணம். 2011-இல் மாநகராட்சி 72 வார்டிலிருந்து 100 வார்டாகப் பெருகியது. அவனியாபுரம், திருப்பரங்குன்றம், ஆனையூர், திருநகர், விளாங்குடி எல்லாம் மாநகருக்குள் வந்தன. எல்லைக்கோடு ஓர் அரசாணையில் மாறிவிடும், கம்பி அப்படி மாறாது. வயலும் சில வீடுகளுமாக இருந்த இடத்துக்கு இழுத்த எல்.டி. லைனின் நுனியில் பிளாட் போட்டு, மாடி கட்டி, மாடிக்கு மாடி ஏ.சி. மாட்டியாகிவிட்டது. லைனை நீட்டுவது சுலபம். புது டிரான்ஸ்ஃபார்மர் வைக்க இடம் வேண்டும், மதிப்பீடு வேண்டும், பணம் வேண்டும். அதுபோக, 'என் வீட்டு வாசலில் வைக்காதே' என்று யாராவது தடுக்கவும் செய்வார்கள்.

மதுரைக் கோடை ராத்திரியும் சும்மா இருப்பதில்லை. டிரான்ஸ்ஃபார்மருக்குள் செம்பு அல்லது அலுமினியச் சுருளைச் சுற்றியிருப்பது காகிதம், அது மூழ்கியிருப்பது எண்ணெய். அந்தக் காகிதத்தின் சூடு 6 டிகிரி கூடினால் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பது மின்பொறியாளர்கள் வைத்திருக்கும் கணக்கு. பகலில் 40 டிகிரி வெயிலில் காய்ந்த டிரான்ஸ்ஃபார்மர் ராத்திரியாவது ஆற வேண்டும். அந்த நேரத்தில்தான் ஏ.சி. எல்லாம் ஓடுகின்றன. டிரான்ஸ்ஃபார்மரின் பக்கவாட்டில் சின்னக் கண்ணாடிக் குடுவை ஒன்று தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே நீலநிற மணிகள் இருக்கும். டிரான்ஸ்ஃபார்மர் சூட்டில் காற்றை வெளியே விட்டு, ஆறும்போது இழுத்துக்கொள்கிறது. அப்படி உள்ளே போகும் காற்றின் ஈரத்தை அந்த மணிகள் உறிஞ்சும். அவை வெளிர் சிவப்பாக மாறிவிட்டால் இனி ஈரம் எண்ணெய்க்குள் போகும் என்று அர்த்தம். மணியை மாற்றுவது அற்பச் செலவு. மாற்றாமல் விட்டால் எரிவது லட்சக்கணக்கில் விலைபோகும் பொருள். மாதாந்திரப் பராமரிப்பு என்று பகல் முழுக்க நிறுத்துகிறார்களே என்று நமக்கு எரிச்சல் வருகிறது. இணைப்புகளை இறுக்குவதும், மரக்கிளை வெட்டுவதும், எண்ணெயைப் பார்ப்பதும் அந்த நேரத்தில்தான் நடக்க வேண்டும். எனக்கு அந்த நிறுத்தத்தில் குறையே கிடையாது. ஆள் போதாமல் அரைகுறையாக முடியும்போதுதான் வருத்தம்.

நியூட்ரல் அறுந்தால் ஆபத்து வேறு விதம். வீடுகளிலிருந்து கரண்ட் திரும்பிப் போக வழியில்லாமல், ஒரு ஃபேஸ் வீடும் இன்னொரு ஃபேஸ் வீடும் தொடராக 400 வோல்ட்டின் நடுவே மாட்டிக்கொள்ளும். அதிகமாக இழுக்கும் வீட்டில் வோல்டேஜ் சரியும். ஒரே ஒரு டி.வி. மட்டும் ஓடும் வீட்டில் 300-க்கு மேல் ஏறிவிடும். ஒரே ராத்திரியில் தெருவில் பாதி டி.வி. புகைந்தது என்று கேள்விப்பட்டால், பெரும்பாலும் துருப்பிடித்த நியூட்ரல் ஜம்பர் (கம்பிகளை இணைக்கும் துண்டுக் கம்பி) ஒன்றுதான் காரணமாக இருக்கும்.

இதையெல்லாம் சரிசெய்யக் கம்பத்தில் ஏறுகிறவர் வயர்மேன். அவர் லைனைத் துண்டிக்கும் ஏ.பி. சுவிட்சைத் திறந்து, லைனை எர்த் செய்துவிட்டு, அதாவது மண்ணோடு இணைத்துவிட்டு, ஏறுகிறார். அந்த எர்த் சரியாக இல்லாதபோது ஏதாவது ஒரு கடையில் முறையான மாற்று சுவிட்ச் இல்லாமல் ஜெனரேட்டரை மாட்டியிருந்தால், அந்த 230 வோல்ட் தலைகீழாக டிரான்ஸ்ஃபார்மருக்குள் போய், மறுபக்கம் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக உருமாறி, செத்த லைன் உயிர்பெறும். கம்பத்தில் இருப்பவரின் உயிர் அந்த நொடியில் போகலாம். மாடியில் சோலார் வைத்திருப்பவர்கள், கரண்ட் போனால் சோலாரும் ஏன் நின்றுவிடுகிறது என்று கேட்பார்கள். லைனில் மின்சாரம் இல்லை என்றதும் சோலார் இன்வெர்ட்டர் தானாக நிற்க வேண்டும் என்று வைத்திருப்பது இந்த ஆளைக் காப்பாற்றத்தான்.

நிலத்தடி கேபிள் போட்டால் எல்லாம் தீராதா? மாசி வீதிகளில் சித்திரைத் தேர் வரும்போது அதன் உயரத்தை நினைத்தால் மேலே கம்பி இல்லாமல் இருப்பதே நல்லது. 2022 ஏப்ரலில் தஞ்சாவூர் களிமேட்டில் சப்பரம் உயரழுத்தக் கம்பியில் உரசி 11 பேர் இறந்தது மறக்கக்கூடியதல்ல. தேரோடும் வீதிக்கும், நெரிசலான கடைவீதிக்கும் கேபிள்தான் சரி. ஆனால் செலவு பல மடங்கு. பழுது கண்ணுக்குத் தெரியாது, கருவி வைத்து இடத்தைத் தேடித் தோண்ட வேண்டும். பாதாளச் சாக்கடைக்கும் குடிநீர்க் குழாய்க்கும் ஜேசிபி இறங்கும் ஊரில் கேபிள் எங்கே ஓடுகிறது என்ற வரைபடம் மாநகராட்சியிடமும் மின்வாரியத்திடமும் ஒன்றாக இருந்தாக வேண்டும். இதற்குப் பெரிய தொழில்நுட்பம் வேண்டாம், இரண்டு அலுவலகங்கள் ஒன்றாக உட்கார்ந்தால் போதும்.

சீர்திருத்தம் என்ற பெயரில் மேல்மட்டத்தில் நிறைய நடந்திருக்கிறது. 1957-இல் தொடங்கிய மின்வாரியம் 2010-இல் உற்பத்தி-விநியோகத்துக்கு ஒன்று, மின்சாரத்தைத் தொலைதூரம் கொண்டுசெல்லும் தொடரமைப்புக்கு ஒன்று என்று பிரிந்தது. 2024-இல் விநியோகம் தனி நிறுவனமானது. 2017-இல் மின்வாரியங்களின் கடனைச் சீரமைக்கும் ஒன்றிய அரசின் உதய் திட்டத்தில் சேர்ந்தபோது, வாரியத்தின் கடனில் 22,815 கோடி ரூபாயை மாநில அரசு தன் தலையில் ஏற்றது. 2021-இல் ஒன்றிய அரசு தொடங்கிய விநியோகச் சீரமைப்புத் திட்டம், நாடு முழுவதும் மொத்த இழப்பை 12 முதல் 15 சதவீதத்துக்குள் கொண்டுவரவும், ஸ்மார்ட் மீட்டர் பொருத்தவும் இலக்கு வைத்தது.

வீட்டு ஸ்மார்ட் மீட்டரைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால் முதலில் டிரான்ஸ்ஃபார்மருக்குத்தான் மீட்டர் வேண்டும். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து கிளம்பிய யூனிட்டையும் அதன் கீழ் உள்ள வீடுகளின் யூனிட்டையும் கழித்துப் பார்த்தால், இழப்பு எந்தத் தெருவில் என்று தெரிந்துவிடும். எந்த ஃபேஸ் ராத்திரி ஒன்பது மணிக்குத் திணறுகிறது என்பதும் எழுத்தில் வந்துவிடும். மேலூர், வாடிப்பட்டிப் பக்கம் இலவசப் பம்புசெட்டுகளின் பயன்பாட்டைப் பெரும்பாலும் குதிரைத்திறனை வைத்து மதிப்பிடுகிறார்கள். மாநிலத்தில் 20 லட்சத்துக்கு மேல் இருக்கும் இந்த இணைப்புகளின் கணக்கு உத்தேசமாக இருக்கும்வரை, இழப்பின் கணக்கும் உத்தேசம்தான். டிரான்ஸ்ஃபார்மரில் அளந்தால் விவசாயியிடம் ஒரு பைசா கேட்காமலேயே அதைச் சரியாக அறியலாம்.

அளந்தபின் செய்ய வேண்டியதும் தெரிந்ததுதான். ஹெச்.டி. லைனைத் தெருவுக்குள் நீட்டி, ஒரு பெரிய டிரான்ஸ்ஃபார்மருக்குப் பதில் சிறியவை சிலவற்றை வீடுகளுக்குப் பக்கத்தில் வைப்பது. எல்.டி. தூரம் பாதியானால், அதே சுமைக்கு வோல்டேஜ் சரிவும் பாதியாகும். சர்வீஸ் வயர்களை மூன்று ஃபேஸுக்கும் பகிர்ந்து மாற்றுவதற்கு ஏணியும் ஆளும் ஒரு பகலும் போதும்.

வோல்டேஜ் குறைகிறது என்று மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு, 94987 94987, புகார் சொல்லும்போது வெறுமனே 'லோ வோல்டேஜ்' என்று சொல்லாமல் சில விவரங்களோடு சொல்லுங்கள். ராத்திரி மட்டும் குறைந்து, விடியற்காலையில் சரியாக இருந்தால் சுமை கூடிவிட்டது. உங்களுக்குக் குறைந்து, அடுத்த வீட்டுக்கு நன்றாக இருந்தால் ஃபேஸ் சமநிலை கெட்டிருக்கும். விளக்கு திடீரென்று அதிகப் பிரகாசமாகவும் அப்புறம் மங்கலாகவும் மாறி மாறி எரிந்தால் நியூட்ரல் தளர்ந்திருக்கலாம். அப்போது முதலில் மெயினை அணையுங்கள், போனைப் பிறகு எடுங்கள். கம்பத்தில் பெயிண்டால் எழுதியிருக்கும் எண்ணையும் சேர்த்துச் சொன்னால், வருகிற வயர்மேன் தெருத்தெருவாகத் தேட வேண்டியதில்லை.