கண்ணுக்குத் தெரியாத நீலம்

மம்மிகளின் முகத்தில் பதித்திருந்த ஓவியங்கள் என்று இணையத்தில் சுற்றுபவை நிஜமா, ஏஐ வரைந்தவையா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

பழைய ஓவியங்கள் நிஜம்தான். எகிப்து ரோமானியர் கையில் இருந்தபோது, பெரும்பாலும் கி.பி. 1 முதல் 3ஆம் நூற்றாண்டுக்குள் வரையப்பட்டவை. கெய்ரோவுக்குத் தென்மேற்கே ஃபாயும் வட்டாரத்தில் நிறையக் கிடைத்ததால் ‘ஃபாயும் ஓவியங்கள்’ என்று பெயர். அன்றைய எகிப்தில் யார் கிரேக்கர், யார் எகிப்தியர் என்று கோடு கிழிப்பது கஷ்டம். பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் ஆர்டெமிடோரஸ் மம்மிக்குக் கிரேக்கப் பெயர், ரோமானியத் தலையலங்காரம், உறையிலோ எகிப்தின் அனுபிஸ் தெய்வம்!

மெல்லிய பலகையில் நிறப்பொடியைத் தேன்மெழுகில் குழைத்துத் தீட்டினார்கள்; சிலவற்றில் மெழுகுக்குப் பதில் பசை. பாலைவன வறட்சி மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. சரி, எனக்குப் பிடித்த கட்டத்துக்கு வருகிறேன்.

எகிப்திய நீலம் மனிதன் செய்த மிகப் பழைய செயற்கை நிறங்களில் ஒன்று. மணல், சுண்ணாம்பு, செம்பு, கொஞ்சம் காரம் (ஆல்கலி) சேர்த்து 900 டிகிரி செல்சியஸ் அளவில் பல மணி நேரம் சுட்டால் கால்சியம் செம்பு சிலிக்கேட் படிகம் கிடைக்கும். அதிலுள்ள செம்பு அயனி கண்ணுக்குத் தெரியும் ஒளியை விழுங்குகிறது. விழுங்கிய ஆற்றலில் ஒரு பகுதி படிகத்தின் அதிர்வில் வெப்பமாகப் போய்விடும். மீதி அகச்சிவப்பு ஒளியாக வெளியே வருகிறது, சுமார் 910 நானோமீட்டர் அலைநீளத்தில். நம் கண்ணுக்கு அது எட்டாது. டிஜிட்டல் கேமராவின் சென்சாருக்கு எட்டும்! அதன் முன்னால் அகச்சிவப்பைத் தடுக்க வைத்திருக்கும் வடிகட்டியைக் கழற்றிவிட்டு, அகச்சிவப்பை மட்டும் விடும் வடிகட்டியை மாட்டுகிறார்கள். இருட்டறையில் அகச்சிவப்பே இல்லாத எல்இடி விளக்கை ஓவியத்தின் மேல் அடித்தால் படம் முழுக்கக் கறுப்பு. எகிப்திய நீலம் இருக்கும் இடம் மட்டும் வெள்ளையாக ஒளிரும். ஒற்றைத் துகள்கூடத் தெரியலாம். ஓவியத்திலிருந்து துளி சுரண்ட வேண்டியதில்லை.

டெப்டுனிஸ் என்ற ஊரில் 1899-1900இல் தோண்டியெடுத்த ஓவியங்களை இப்படிப் பார்த்து 2015இல் முடிவுகளை வெளியிட்டார்கள். நீலமே தெரியாத படங்களில் நீலம் இருந்தது: வண்ணத்துக்கு அடியில் முதலில் வரைந்த கோட்டில், வெள்ளை உடையில், சாம்பல் நிழலில். வெள்ளை உடையில் போட்டது வேட்டிக்கு நீலம் போடுகிற வித்தை மாதிரி இருக்கலாம்; வெள்ளையில் துளி நீலம் விழுந்தால் மஞ்சள் அடங்கிப் பளிச்சென்று தெரியும்.

மண்ணிலிருந்து எடுத்து நூறு வருடத்துக்கு மேல் கழித்துத்தான் இது தெரிந்தது. புது அகழாய்வு என்றால் எல்லாருக்கும் உற்சாகம், பணமும் வந்துவிடும். மியூசியத்தில் ஏற்கெனவே இருப்பதைத் திரும்ப ஆராய்கிறேன் என்றால் கொட்டாவி விடுவார்கள். எனக்கு இது சுத்த அநியாயமாகப் படுகிறது. அதற்கு நடுவே மம்மி சாபம் என்று வீடியோ போடுபவர்களுக்குக் குறைச்சலே இல்லை.

ஒன்று, இந்த முறையில் அவுரி நீலம் ஒளிராது, அது கறுப்பாகவே நிற்கும். அதைப் பிடிக்க வேறு கருவிகள் வேண்டும்.