அழுகைக்குத்தான் திரும்பிப் பார்க்கிறார்கள்

மண்டூரிலிருந்து குருமண்வெளிக்கு மட்டக்களப்பு வாவியைக் கடக்கும் இயந்திரப் படகை எங்கள் பக்கத்தில் ‘பாதை’ என்றுதான் சொல்வோம். நாலு பக்கமும் திறந்த தட்டு. மோட்டார் சைக்கிள், உர மூட்டை, மீன் பெட்டி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாம் ஒன்றாக நிற்கும். ஒதுங்குவதற்கு ஒரு மூலை கிடையாது. சில வருடங்களுக்கு முன் ஒரு காலையில் அந்தப் பாதையில் என் பக்கத்தில் ஓர் இளம் தாய் நின்றாள். கையில் ஒன்றரை மாதக் குழந்தை. பிள்ளை பெற்ற பிறகு அவள் தூரப் புறப்பட்டது அன்றுதான். மாமியாரோடு களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

நடு வாவியில் குழந்தை வீரிட்டது. மாமியார் பையைத் திறந்து சூப்பிப் போத்தலை எடுத்தார். வீட்டிலேயே கரைத்துக் கொண்டுவந்த பால்மா. எனக்குத் திக்கென்றது. அந்தக் குழந்தையை முந்திய வாரம் எங்கள் கிளினிக்கில் நான்தான் நிறுத்தேன்; அங்கே நான் மருத்துவிச்சி, எல்லாரும் ‘மிஸி’ என்பார்கள். தாய்ப்பாலிலேயே நன்றாக நிறை கூடியிருந்த பிள்ளை.

“ஏன் மகள், பால் இல்லையா?”

“பால் இருக்கிறது மிஸி. ஆட்கள் இருக்கிறார்களே.”

அதுவரைக்கும், போத்தல் தொடங்கிய தாய்மாரின் பெயருக்கு நேரே ‘பால் போதாது’ என்று எழுதியே எனக்குப் பழக்கம். அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள், நானும் அப்படியே எழுதிக்கொள்வேன். அன்றைக்குப் பிறகு இன்னொரு கேள்வியும் கேட்கத் தொடங்கினேன்: முதல் போத்தலை எங்கே வைத்துக் கொடுத்தீர்கள்? பஸ்ஸில் மிஸி. கலியாண வீட்டில். வங்கி வரிசையில். ஆடி அமாவாசைக்கு மாமாங்கத்துக்குப் போனபோது. வீட்டில் வைத்துக் கொடுத்தேன் என்றவர்கள் குறைவு. முதலில் வந்தது வெட்கம். பால் குறைந்தது அதற்குப் பிறகு.

வெட்கத்தால் எப்படிப் பால் குறையும் என்று கேட்பீர்கள். வாவிக்குக் கிழக்கே, கடல் பக்கத்து எழுவான்கரையின் மணல் கிணற்றை நினைத்துக்கொள்ளுங்கள். இறைத்தால்தான் ஊறும். பச்சைக் குழந்தை ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை குடிக்கும். காலை எட்டு மணிக்குப் புறப்பட்டு இரண்டு மணிக்குத் திரும்பினால் இடையில் இரண்டு மூன்று தடவை போய்விடும். அந்த நேரமெல்லாம் மார்பு நிறைந்தபடியே நிற்கிறது. நிறைந்து நிற்கும் மார்பில் பால் சுரப்பது தானாகவே மந்தமாகும். உடம்பு ‘இவ்வளவு தேவையில்லை போல’ என்று கணக்குப் போட்டுவிடுகிறது. ஒரு நாளோடு நின்றால் பெரிய பாதிப்பு இல்லை. ஆனால் போத்தல் ஒரு நாளோடு நிற்பதில்லை. பிள்ளைக்கும் போத்தலின் வேகம் பழகிவிடும், மார்பில் வைத்தால் பொறுமை இழக்கும். சிலருக்குப் பால் கட்டி, மார்பு கல்லாகி, காய்ச்சலும் வந்துவிடும். மார்பு சிவந்து, நோவோடு காய்ச்சலும் இருந்தால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். அன்றைக்கே வைத்தியரைக் காணுங்கள். அப்போதும் பாலூட்டுவதை நிறுத்த வேண்டியதில்லை.

இன்னொன்றும் நடக்கிறது. பாலை வெளியே தள்ளுவது ஒக்சிடோசின் என்ற ஓமோன். பயம், பதற்றம், கூச்சம் எல்லாம் அதைச் சற்று நேரம் தடுத்து வைக்கும். ஆட்கள் மத்தியில் பதறிப் பதறி மார்பில் வைத்த தாய்க்குப் பால் உடனே இறங்காது; குழந்தை விட்டுவிட்டு அழும்; ‘பார், பாலே இல்லை’ என்று பக்கத்தில் யாராவது சொல்வார்கள். அது வற்றிய பால் அல்ல, இறங்கத் தாமதித்த பால். தோளைத் தளர்த்தி, நாலைந்து முறை ஆழமாக மூச்சு விட்டு, பிள்ளையின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும்.

பாதைக்கு வருவோம். அந்தத் தாயை ஓரமாக, வாவியைப் பார்த்தபடி உட்காரச் சொன்னேன். என் குடையை விரித்து முன்னால் பிடித்துக்கொண்டு, “ஒரு வேலை தருகிறேன், உங்களை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று கரை சேரும்வரை எண்ணுங்கள்” என்றேன். பிள்ளை வாய் வைத்ததும் சத்தம் நின்றது. குருமண்வெளியில் இறங்கும்போது கேட்டேன். “நாலு பேர் மிஸி.” எப்போது? யோசித்தாள். “பிள்ளை அழுதபோது.” குடிக்கத் தொடங்கிய பிறகு? மீன் பெட்டிக்காரர் ஒருவர் பெட்டியைத் தள்ளி வைத்து இடம் விட்டார், அவ்வளவுதான். மாமியாருக்கு மட்டும் என்மீது கோபம். கரைத்த பால்மா வீணாகிவிட்டதாம். பால்மா விற்கும் விலைக்கு அந்தக் கோபம் நியாயமானதுதான்.

பாலூட்டுவதையல்ல, அழுகையைத்தான் ஆட்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். அதனால் நான் தாய்மாரிடம் முதலில் சொல்வது துணியைப் பற்றி அல்ல, நேரத்தைப் பற்றி. அழுகை பசியின் கடைசி அடையாளம். அதற்கு முன்பே பிள்ளை சொல்லிவிடும்: தலையை இங்கும் அங்கும் திருப்பும், வாயைத் திறந்து தேடும், உதட்டைச் சப்பும், கையை வாய்க்குக் கொண்டுபோகும். அப்போதே மார்பில் வைத்தால் பக்கத்து இருக்கைக்காரருக்குக்கூடத் தெரியாது. வீரிட்டு அழும் பிள்ளையை முதலில் ஆற்றி, பிறகு வாய் வைக்கச் செய்வதற்குள் பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பிவிடுவார்கள். பஸ் ஏறுமுன் ஒரு தடவை கொடுங்கள், பிள்ளை கேட்காவிட்டாலும் நீட்டிப் பாருங்கள்.

இரண்டாவது, ஒத்திகை. சிரிக்க வேண்டாம். வெளியில் போடும் அதே உடுப்பைப் போட்டுக்கொண்டு வீட்டில் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து பாலூட்டிப் பாருங்கள். மேலிருந்து குனிந்து பார்க்கும்போது உங்களுக்கு எல்லாம் தெரிவது போல் இருக்கும். எதிரே இருப்பவருக்குத் தெரிவது பிள்ளையின் தலையின் பின்பக்கம்தான். இதைக் கண்ணாடியில் பார்த்தவுடன் பாதிப் பயம் போய்விடுகிறது; நான் எவ்வளவு சொன்னாலும் போகாத பயம் அது. பிறகு விறாந்தை, அயல் வீடு, எங்கள் கிளினிக் என்று கொஞ்சம் கொஞ்சமாக. எடுத்த எடுப்பில் கொக்கட்டிச்சோலைத் தேர்த் திருவிழாவில் தொடங்கச் சொல்லவில்லை.

உடுப்பு விஷயத்தில் நம் பாட்டிமாருக்குப் பிரச்சினையே இருக்கவில்லை. சாறி உடுத்த தாய்க்கு முந்தானை போதும். என் அம்மம்மா நெல் சூடு மிதிக்கும் களத்து ஓரத்தில், ஆட்கள் நடுவில், கதை பேசிக்கொண்டே என் மாமாவுக்குப் பால் கொடுத்ததாகச் சொல்வார். யாரும் அதை ஒரு செய்தியாகவே நினைக்கவில்லை. சல்வாரும் கவுணும் வந்த பிறகுதான் கழுத்தால் இறக்குவதா, கீழால் தூக்குவதா என்ற கேள்வி வந்தது. வழி எளிது: உள்ளே ஒரு பழைய பனியனில் மார்புக்கு நேரே வெட்டிப் போட்டுக்கொண்டு, மேற்சட்டையைக் கீழிருந்து தூக்கினால் வயிறும் மூடியிருக்கும், மேலும் மூடியிருக்கும். ஷோலைக் குறுக்கே போட்டால் இடைவெளியும் மறைந்துவிடும்.

பிள்ளையின் முகத்தை முழுதாக மூடும் தடித்த துணி எனக்குப் பிடிப்பதில்லை. நம் ஊர் வெக்கையில் அதற்குள் குழந்தை வியர்த்துப்போகும், இழுத்து எறியப் பார்க்கும். அந்தப் போராட்டம்தான் மற்றவர்களின் கண்ணை இழுக்கும். ஒரு மெல்லிய பருத்தித் துண்டு, அதுவும் பிள்ளை வாய் வைக்கும் வரைக்கும் போதும். வெயில் என்பதற்காகத் தண்ணீரும் கொடுக்க வேண்டாம். ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பாலிலேயே தேவையான தண்ணீர் இருக்கிறது.

வாவிக்கு மேற்கே உள்ள இந்தப் படுவான்கரைக்கு மாற்றமாகி வருமுன் கல்முனைப் பக்கத்தில் வேலை செய்தேன். அங்கே முஸ்லிம் தாய்மாருக்கு வேறு விதமான சிக்கல். கலியாண வீட்டில் பெண்களுக்கென்று தனி இடம் இருக்கும், பார்க்க ஆண்கள் இல்லை. ஆனால் தலைவழியாகப் போட்ட அபாயாவில் திறப்பு ஒன்றும் இல்லை! பாலூட்ட வேண்டுமானால் முழுதாகக் கழற்ற வேண்டும். ஒரு தாய் இதைச் சொல்லி அழுதபோது பக்கத்தில் இருந்த அவருடைய ராத்தா (அக்கா), “இதற்கா அழுகிறாய்?” என்று அபாயாவை வாங்கிக்கொண்டு போனார். அடுத்த கிளினிக்கில் பார்த்தால் மடிப்புக்கு உள்ளே இரண்டு பக்கமும் நீளமாகச் சிப் (ஜிப்) வைத்துத் தைத்திருந்தது. மூடினால் வெளியே தெரியவே தெரியாது. அதன் பிறகு அந்தத் தெருவில் எத்தனையோ அபாயாவுக்குச் சிப் வந்துவிட்டது. குர்ஆனின் அல்பகரா அத்தியாயம் 233ஆவது வசனம் முழுமையாக இரண்டு வருடம் பாலூட்டுவதைச் சொல்கிறது. உலகச் சுகாதார நிறுவனமும் இரண்டு வருடமும் அதற்கு மேலும் என்றே சொல்கிறது. இரண்டு வருடத்தையும் ஓர் அறைக்குள் கழிக்க எந்தப் பெண்ணாலும் முடியாது.

நாவூறு பற்றிக் கேட்காத மாமியார் இல்லை. ஆட்கள் பார்த்தால் பால் வற்றிவிடும், பிள்ளை சிணுங்கும் என்பார்கள். நான் வாதாடுவதில்லை. கறுத்தப் பொட்டு வையுங்கள், திரும்பி வந்து மிளகாய் சுற்றிப் போடுங்கள், ஆனால் பாலைக் கொடுக்க விடுங்கள் என்பேன். இன்னும் ஒன்று சொல்வேன்: “நீங்களே முன்னால் உட்கார்ந்து மறைத்துக்கொண்டால் யார் கண் படும்?” அந்த வேலையைக் கொடுத்துவிட்டால் மாமியாரைப் போலக் காவல் வேறு கிடையாது.

கைத்தொலைபேசியில் யாராவது படம் எடுத்துவிடுவார்களோ என்ற பயம் இப்போதைய தாய்மாருக்கு இருக்கிறது. இதை நான் வீண் பயம் என்று தள்ளுவதில்லை. சுவர்ப் பக்கம் முதுகு வைத்து, எதிரே கூட வந்தவரை உட்கார்த்திக்கொள்ளுங்கள். பஸ்ஸில் யன்னலோர இருக்கை, கணவர் வெளிப்பக்கம். கணவன்மாரிடம் தனியாக ஒரு வார்த்தை: பிள்ளை பால் குடிக்கும்போது நீங்கள் பத்தடி தள்ளிப் போய் நின்று, யாரோ போல் வாவியைப் பார்ப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். கிட்ட வாருங்கள். நீங்கள் வெட்கப்பட்டால் அவர் எப்படி வெட்கப்படாமல் இருப்பார்?

ஒரு தடவை ஒரு பெரிய கடையில் காவலாளி ஒருவர், பாலூட்டிக்கொண்டிருந்த தாயைக் கழிப்பறைக்குப் போகச் சொன்னார். பக்கத்தில் நின்ற நான், “தம்பி, நீங்கள் அங்கே இருந்து சாப்பிடுவீர்களா?” என்று கேட்டேன். அவர் ஒரு கதிரை கொண்டுவந்தார். கெட்ட மனிதர் அல்ல, யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. பொது இடத்தில் பாலூட்டுவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் நம் நாட்டில் இல்லை. வேலைக்குப் போகும் தாய்மாருக்கு மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம், பிள்ளைக்கு ஒரு வயது ஆகும்வரை நாளுக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளைகளைத் தருகிறது: வேலைத்தளத்தில் குழந்தை பராமரிப்பு இடம் இருந்தால் அரை மணிநேரம் வீதம், இல்லாவிட்டால் ஒரு மணிநேரம் வீதம். கேட்டு வாங்குபவர்கள் மிகக் குறைவு.

2016ஆம் ஆண்டின் குடிசன சுகாதார ஆய்வில், இலங்கையில் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் 82 வீதமானவர்கள் தாய்ப்பால் மட்டும் குடிப்பதாகக் கணக்கு வந்தது. உலகத்தில் பல நாடுகள் எட்டாத எண். அதில் எங்கள் பங்கும் இருக்கிறது என்று எனக்குப் பெருமைதான். ஆனால் அந்தப் பால் நாலு சுவருக்குள்ளே மட்டும் நிற்குமானால், தாய் வெளியில் இறங்கும் ஒவ்வொரு முறையும் சூப்பிப் போத்தலுக்கு ஒரு வாசல் திறக்கிறது.

எவ்வளவு பழகினாலும் எனக்கு வெளியில் முடியாது மிஸி என்பவர்களும் உண்டு. அவர்களைக் கட்டாயப்படுத்த மாட்டேன். பாலைக் கையால் பீய்ச்சி, சுத்தமான மூடியுள்ள பாத்திரத்தில் எடுத்துப் போய், சிறு கிண்ணத்தால் பருக்கலாம்; முறையைக் காட்டித் தருவோம்.

இரண்டாம் மாதத் தடுப்பூசிக்கு வரும்போது வீட்டுக் கவுணோடு வராமல், கோயிலுக்கோ கலியாணத்துக்கோ போடும் உடுப்போடு வாருங்கள். ஊசி போட்ட பிள்ளைக்கு எப்படியும் பால் கொடுக்கத்தான் வேண்டும், அழுகையும் அதில் சீக்கிரம் அடங்கும். நிறுக்கும் மேசைக்குப் பக்கத்தில் ஒரு கதிரை போட்டிருக்கிறோம். எதிர்ச் சுவரில் கண்ணாடி மாட்டியிருக்கிறது. அது என் வீட்டுக் கண்ணாடி, உடைத்துவிடாதீர்கள்.