அமெரிக்க எச்.ஐ.வி. மானியம்: கையெழுத்துப் போடும் முன் சிறு அமைப்புகள் பார்க்க வேண்டியவை

மானியக் கடிதம் வந்த சந்தோஷத்தில் அலுவலகத்தை வாடகைக்கு எடுத்து, ஆள்களை வேலைக்குச் சேர்த்து, முதல் தவணை வராமல் வட்டிக்குக் கடன் வாங்கிச் சம்பளம் கொடுத்த சிறு அமைப்புகள் நம்மிடையே உண்டு. கடைசியில் சம்பளம் நின்றுபோவது களப்பணியாளர்களுக்குத்தான். அவர்களில் பலர் தாங்களே ஏ.ஆர்.டி. என்ற எச்.ஐ.வி. கூட்டு மருந்து மாத்திரை எடுப்பவர்கள். மானியத்தை நேரடியாக வாங்கிக் கீழே பிரித்துத் தரும் தலைமை அமைப்புக்கு வக்கீலும் ஆடிட்டரும் இருக்கிறார்கள். இவர்களுக்காகப் பேச யாரும் இல்லை. இந்தியாவில் இருந்துகொண்டு இந்தப் பணத்துக்கு விண்ணப்பிக்க நினைக்கும் சிறு அமைப்புகளுக்கும், அங்கே வேலைக்குச் சேரப்போகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

பின்னணி நாலு வரி போதும். 2003-இல் அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் தொடங்கிய பெப்ஃபார் என்ற அமெரிக்க எச்.ஐ.வி. உதவித் திட்டத்திலிருந்துதான் இந்தப் பணம் வருகிறது. பரிசோதனை, சிகிச்சை, ஆய்வகம், செவிலியர் பயிற்சி, நோயாளி விவரப் பதிவு ஆகியவற்றை வெளிநாடுகளில் வலுப்படுத்துவது நோக்கம். பெரும்பங்கு ஆப்பிரிக்காவுக்குப் போனது. இந்தியாவுக்கு வந்தது கொஞ்சம்தான். யு.எஸ்.எய்ட், சி.டி.சி., எச்.ஆர்.எஸ்.ஏ. ஆகிய அமெரிக்க அரசு அமைப்புகள் ஆளுக்கொரு பங்கைக் கையாண்டன. 2025 ஜூலை 1-உடன் யு.எஸ்.எய்டின் வேலை முடிந்து, மிச்சம் அமெரிக்க வெளியுறவுத் துறைக்குப் போய்விட்டது. 2025 செப்டம்பரில் வந்த புதிய கொள்கைப்படி தொண்டு நிறுவனங்களுக்குக் கொடுப்பதைக் குறைத்து, அந்தந்த நாட்டு அரசுகளோடு நேரடியாக ஒப்பந்தம் போடுகிறார்கள். கென்யா அந்த ஆண்டு டிசம்பரில் கையெழுத்திட்டது. ஆகவே, "அமெரிக்க மானியம் வாங்கித் தருகிறேன்" என்று இப்போது வருகிறவரிடம் முதலில் அறிவிப்பு எண்ணைக் கேளுங்கள். அமெரிக்க அரசு மானிய அறிவிப்புகளை வெளியிடும் கிராண்ட்ஸ் டாட் கவ் தளத்தில் அந்த எண் இல்லையென்றால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

எண் இருந்தால், அறிவிப்பில் எல்லாவற்றுக்கும் முன்பாக ஒரு விவரத்தைப் பாருங்கள்: மொத்தம் எத்தனை பேருக்குத் தரப்போகிறார்கள்? "வெளிநாட்டு அமைப்புகளும் விண்ணப்பிக்கலாம்" என்ற வரியை மட்டும் படித்துவிட்டு மூன்று மாதம் உழைக்கிறார்கள். இரண்டு பக்கம் தள்ளி, "ஒருவருக்கு மட்டும்" என்றும், பல நாடுகளில் வேலை செய்த அனுபவம் வேண்டும் என்றும் எழுதியிருக்கும். அது பெரிய பல்கலைக்கழகங்களுக்கான மானியம். அதில் உங்களுக்கு இடம் உண்டென்றால் துணை அமைப்பாகத்தான்.

பெயரும் முகவரியும்

நேரடியாக விண்ணப்பிக்க சாம் டாட் கவ் என்ற அமெரிக்க அரசுத் தளத்தில் பதிவு வேண்டும், அதில் யு.இ.ஐ. என்ற, எழுத்தும் எண்ணும் கலந்த 12 இட அடையாளக் குறியீடு தருவார்கள். இந்தப் பதிவு முற்றிலும் இலவசம். இதற்குப் பணம் வாங்கும் ஏஜென்ட்கள் இருக்கிறார்கள். பதிவு முடிந்த பிறகும், "உங்கள் பதிவு காலாவதியாகிறது, கட்டணம் செலுத்துங்கள்" என்று அரசு அலுவலகம் போலவே மின்னஞ்சல் வரும். ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். ஆண்டுதோறும் புதுப்பிப்பதும் இலவசம்தான்.

நம்மூர் அமைப்புகள் மாட்டிக்கொள்வது பெயரிலும் முகவரியிலும். சங்கப் பதிவுச் சான்றில் திருச்சிராப்பள்ளி, பான் கார்டில் திருச்சி, வங்கிப் புத்தகத்தில் பழைய வாடகை அலுவலகம். சென்னையில் இருக்கும் நமக்கு இது மூன்றும் ஒன்றுதான். அங்கே சரிபார்ப்பவருக்கு மூன்றும் வேறு வேறு அமைப்புகள். பெயரும் முகவரியும் ஒரே எழுத்துக்கூட்டில் ஒரே ஆவணத்தில் இருக்க வேண்டும். தபால் பெட்டி எண் செல்லாது. தமிழில் உள்ள ஆவணம் என்றால் சான்றளித்த மொழிபெயர்ப்பு கேட்பார்கள். சங்கப் பதிவாளர் அலுவலகத்தில் முகவரி மாற்றம் வாங்க எவ்வளவு நடக்க வேண்டியிருக்கும் என்பது உங்களுக்கே தெரியும். மானிய அறிவிப்பு வரும்வரை காத்திருக்காமல் அந்த வேலையை இப்போதே ஆரம்பியுங்கள்.

கடைசி நாள் இரவு 11.59 என்று போட்டிருந்தால் அது வாஷிங்டன் நேரம். நமக்கு மறுநாள் காலை ஒன்பதரை, குளிர்காலத்தில் பத்தரை. அதை நம்பிக் கடைசி நாள்வரை வைத்திருக்காதீர்கள். தளம் ஒரு கோப்பைத் திருப்பி அனுப்பினால் சரிசெய்ய நேரம் இருக்காது.

வாங்கச் சட்டம் விட வேண்டும்

அமெரிக்கா தரத் தயாராக இருந்தாலும் இந்தியச் சட்டப்படி நீங்கள் வாங்க முடியுமா என்பது தனிக் கேள்வி. பெரும்பாலான சிறு அமைப்புகள் நிற்பது இங்கேதான்.

வெளிநாட்டுப் பணம் வாங்குவதை ஒழுங்குபடுத்தும் சட்டம் எஃப்.சி.ஆர்.ஏ. அதன்கீழ் பதிவு கேட்க, அமைப்பு குறைந்தது மூன்று ஆண்டுகள் இயங்கியிருக்க வேண்டும். கடைசி மூன்று ஆண்டுகளில் தன் முக்கிய நோக்கத்துக்காக 15 லட்சம் ரூபாய் செலவு செய்திருக்க வேண்டும். எச்.ஐ.வி. உள்ளவர்களே நடத்தும் சங்கங்கள் பெரும்பாலும் தன்னார்வத்தில் ஓடுகின்றன. யாருடைய வீட்டிலோ கூட்டம், கைக்காசில் பஸ் கட்டணம், மருத்துவமனையில் துணைக்கு இருந்தவருக்கு யாரோ வாங்கிக்கொடுத்த சாப்பாடு. எதுவும் ஆடிட் கணக்கில் ஏறுவதில்லை. பத்து வருடம் உழைத்த சங்கம், கணக்குப்படி எதுவுமே செய்யாத சங்கமாக விண்ணப்பத்தில் நிற்கிறது. இன்றிலிருந்தாவது ஒவ்வொரு ரூபாயையும் வவுச்சர் போட்டு ஏற்றுங்கள்.

பதிவு இல்லாதவர்களுக்கு முன் அனுமதி என்ற வழி இருக்கிறது. குறிப்பிட்ட கொடையாளர், குறிப்பிட்ட வேலை, குறிப்பிட்ட தொகை. இதற்குக் கொடையாளரின் உறுதிக் கடிதம் வேண்டும். கொடையாளரோ, "எஃப்.சி.ஆர்.ஏ. அனுமதியைக் காட்டுங்கள், பிறகு கடிதம் தருகிறோம்" என்பார். இரண்டு பக்கமும் மற்றவரைக் கைகாட்டிக்கொண்டே இருக்க, அறிவிப்பின் காலம் முடிந்துவிடும். "இந்திய அரசின் அனுமதிக்கு உட்பட்டு இந்தத் தொகையைத் தருவோம்" என்று நிபந்தனையோடு ஒரு கடிதம் எழுதித் தரச் சொல்லி முதல் பேச்சிலேயே கேளுங்கள். 2025 ஏப்ரலில் இன்னொரு கட்டுப்பாடும் வந்தது: முன் அனுமதி கிடைத்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் பணத்தை வாங்க வேண்டும், நான்கு ஆண்டுகளுக்குள் செலவழிக்க வேண்டும். அமெரிக்க எச்.ஐ.வி. திட்டங்கள் பல ஐந்தாண்டுக் கணக்கில் போடப்படுபவை. ஐந்தாம் ஆண்டுப் பணத்தை நம்பி யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

பணம் முதலில் வந்து சேர வேண்டியது ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளையில் உள்ள கணக்கில்தான். அந்தக் கணக்கைத் திறக்க தில்லிக்குப் போக வேண்டியதில்லை. உங்கள் ஊர் ஸ்டேட் வங்கிக் கிளை மூலமாகவே திறக்கலாம். "எங்களுக்குத் தெரியாது, தில்லிக்குப் போங்கள்" என்று சொன்னால் மேலாளரிடம் எழுத்தில் கேளுங்கள். பதிவைப் புதுப்பிக்க, காலம் முடிய நான்கு மாதத்துக்கு முன்பே விண்ணப்பிக்கச் சொல்கிறது உள்துறை அமைச்சகம். நீங்கள் ஆறு மாதத்துக்கு முன்பே போட்டுவிடுங்கள். சான்று காலாவதியான பின் கணக்கில் வரும் ஒரு தவணை, உதவியாக இல்லாமல் வழக்காக மாறும்.

மிகப் பெரிய பொறி இது: 2020 திருத்தத்துக்குப் பிறகு, எஃப்.சி.ஆர்.ஏ. பணம் வாங்கிய இந்திய அமைப்பு அதை இன்னொரு இந்திய அமைப்புக்குக் கொடுக்கவே முடியாது. வாங்குபவருக்குப் பதிவு இருந்தாலும் முடியாது. அமெரிக்க மானியமோ முழுக்க முழுக்கத் துணை அமைப்புகளை வைத்து ஓடுவது. சென்னையிலோ தில்லியிலோ உள்ள பெரிய நிறுவனம் "எங்களுக்குக் கீழே வாருங்கள்" என்று கூப்பிட்டால், பணம் எந்த வழியாக வரும் என்று கேளுங்கள். வெளிநாட்டில் உள்ள தலைமை அமைப்பிலிருந்து உங்கள் சொந்த எஃப்.சி.ஆர்.ஏ. கணக்குக்கு நேரே வந்தால் சரி. இல்லையென்றால் சேவை ஒப்பந்தம் என்று மாற்றி எழுதுவார்கள். அதோடு உங்கள் ஆள்கள் அந்த நிறுவனத்தின் "ஆலோசகர்" ஆகிவிடுவார்கள். மாதம் முழுக்க வெயிலில் அலைந்து தன்னைப் போன்றவர்களிடம் பேசுகிற பியர் எஜுகேட்டருக்கு ஆலோசகர் என்று பெயர்! டி.டி.எஸ். பிடிப்பார்கள், பி.எஃப். இல்லை, இ.எஸ்.ஐ. இல்லை. சம்பளம் வராமல் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனால், "நீங்கள் ஊழியரே இல்லையே" என்ற பதில் கிடைக்கும். ஒப்பந்தத்தில் தன் பதவி என்னவென்று எழுதியிருக்கிறது என்பதை ஒவ்வொருவரும் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

சதவீதம் இரண்டு, கணக்கும் இரண்டு

அமெரிக்க விதிப்படி, அந்த அரசோடு பேசி முடிவான விகிதம் இல்லாத அமைப்புக்கு மறைமுகச் செலவாக, அதாவது அலுவலகத்தை நடத்தும் பொதுச் செலவாக, 15 சதவீதம் வரை தரலாம். 2024 அக்டோபருக்கு முன் அது 10. ஆனால் சி.டி.சி., எச்.ஆர்.எஸ்.ஏ. ஆகியவை அமெரிக்க சுகாதாரத் துறையின் கீழ் வருபவை. அங்கே வெளிநாட்டு அமைப்புக்கு 8 சதவீதம்தான். 15 என்று நினைத்து வாடகையையும் கணக்காளர் சம்பளத்தையும் அதில் அடக்கியவர்கள் பாதியில் தவிக்கிறார்கள்.

எஃப்.சி.ஆர்.ஏ. பக்கம் நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இரண்டு விதிகளும் ஒரே செலவை ஒரே பெயரில் பார்ப்பதில்லை. திட்ட மேலாளர் சம்பளம் அமெரிக்க பட்ஜெட்டில் நேரடிச் செலவு. நம் சட்டத்தில் அது நிர்வாகச் செலவாகலாம். அங்கே ஒப்புக்கொண்ட பட்ஜெட்டே இங்கே மீறலாக நிற்கும். பட்ஜெட்டை அனுப்பும் முன், எஃப்.சி.ஆர்.ஏ. பார்த்துப் பழகிய ஆடிட்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

துணை ஒப்பந்தங்களில் பணம் எப்போது வரும் என்ற பத்தியையும் தேடிப் படியுங்கள். "அறிக்கை ஏற்கப்பட்ட பின் செலவுத் தொகை திருப்பித் தரப்படும்" என்றிருந்தால், முதலில் உங்கள் கைக்காசைப் போட வேண்டும். அறிக்கையில் ஒரு பில் இல்லையென்று திருப்பி அனுப்பினால் இன்னும் ஒரு மாதம் போகும். இரண்டு மாதச் செலவாவது முன்பணமாக வேண்டும் என்று கேளுங்கள். கேட்பது தவறல்ல, தர முடியாது என்றால் அதை எழுத்தில் வாங்குங்கள்.

கொள்கை நிபந்தனைகள்

பெப்ஃபார் சட்டப்படி, பணம் வாங்கும் வெளிநாட்டு அமைப்பு பாலியல் தொழிலை எதிர்ப்பதாகக் கொள்கை வைத்திருக்க வேண்டும். அமெரிக்க அமைப்புகளுக்கு 2013-இல் அவர்கள் உச்ச நீதிமன்றம் விலக்குக் கொடுத்தது. வெளிநாட்டு அமைப்புகளுக்குக் கிடையாது என்று 2020-இல் சொல்லிவிட்டது. பாலியல் தொழிலாளர்கள் நடத்தும் சங்கம் தன் உறுப்பினர்களின் வாழ்வையே எதிர்த்துக் கையெழுத்துப் போட வேண்டிய நிலை. இதை மறுத்து பிரேசில் அரசு 2005-இல் சுமார் 4 கோடி டாலரை விட்டுக்கொடுத்தது. போடுவதா வேண்டாமா என்பதைச் செயலாளர் ஒருவர் முடிவுசெய்யக் கூடாது. உறுப்பினர் கூட்டத்தில் வாசித்துக் காட்டுங்கள்.

2025 ஜனவரியில் மீண்டும் வந்த இன்னொரு நிபந்தனை கருக்கலைப்பு பற்றியது. நம் நாட்டில் சட்டப்படியானதாக இருந்தும், குடும்பக் கட்டுப்பாட்டு முறையாக அதைச் செய்வதோ ஊக்குவிப்பதோ கூடாது. வேறு யாருடைய பணத்தில் செய்தாலும் இது பொருந்தும். உங்கள் கவுன்சலர்கள் பெண்களை எங்கே அனுப்புகிறார்கள் என்பதுவரை இது வந்து தொடும்.

அறிக்கைக்காக நோயாளி விவரம் கேட்பார்கள். பெயர், போன் எண், ஏ.ஆர்.டி. எண் எதையும் கொடுக்காதீர்கள். 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் சம்மதமில்லாமல் வெளியிடுவதைத் தடுக்கிறது. கொடையாளர் கேட்டார் என்பது காரணமாகாது.

நிறுத்தச் சொன்னால்

2025 ஜனவரி 20-இல் வெளிநாட்டு உதவிக்கு 90 நாள் நிறுத்தம் என்று ஆணை வந்தது. அந்த வார இறுதிக்குள் வேலை நிறுத்தக் கடிதங்கள் பறந்தன. பிப்ரவரி தொடக்கத்தில் உயிர்காக்கும் எச்.ஐ.வி. சிகிச்சைக்கு மட்டும் விலக்குக் கிடைத்தது. ஆனாலும் பல இடங்களில் பணம் போய்ச் சேரவில்லை. ஹைதராபாத்தில் திருநர்களுக்காக 2021-இல் தொடங்கிய மித்ர் கிளினிக் இந்த நிறுத்தத்தால் மூடப்பட்டது. பிறகு டாடா அறக்கட்டளை உதவியோடுதான் வேறு பெயரில் திறந்தது. இது மறுபடி நடக்காது என்பதற்கு எந்த உத்தரவாதமும் ஒப்பந்தத்தில் இல்லை. "துறையின் முன்னுரிமைகளுக்கு இனிப் பொருந்தவில்லை" என்றால் ரத்து செய்யலாம் என்று அதிலேயே எழுதியிருக்கும்.

ஆகவே கையெழுத்துக்கு முன்பே இதைக் கேட்டு வாங்குங்கள்: திடீரென நிறுத்தினால், ஏற்கெனவே செய்த வேலைக்கும், ரத்து செய்ய முடியாத வாடகைக்கும், ஒரு மாத நோட்டீஸ் சம்பளத்துக்கும் யார் பொறுப்பு? நிறுத்தக் கடிதம் வந்தால், அன்றைய தேதிவரை முடிந்த வேலையையும் நிலுவையையும் பட்டியலிட்டு அன்றே மின்னஞ்சலில் அனுப்புங்கள். போனில் சொன்னது கணக்கில் நிற்காது. துணை அமைப்புகள் இறுதி அறிக்கை கொடுக்க 90 நாள்தான். அதைத் தவறவிட்டால் உங்களுக்கு வர வேண்டியதையும் கேட்க வழியில்லாமல் போகும்.

நோயாளிகளிடம் அன்றே சொல்ல வேண்டியதும் ஒன்று உண்டு. இந்தியாவில் ஏ.ஆர்.டி. மாத்திரையை வாங்கித் தருவது நம் அரசு. 2004 முதல் இலவசம். தாம்பரம் அரசு மருத்துவமனை முதலில் தொடங்கிய மையங்களில் ஒன்று. அமெரிக்கப் பணம் நின்றதற்காக மாத்திரை நிற்காது. திட்டம் மூடிவிட்டது என்று கேள்விப்பட்டு, மருந்தும் இருக்காது என்று வீட்டிலேயே இருந்துவிடுகிறவர்கள் உண்டு. அவர்களைத் தொடர்ந்து பார்த்துவந்த களப்பணியாளரும் அன்றோடு வேலையில் இருக்க மாட்டார். ஆகவே, யாரையும் வேலையிலிருந்து அனுப்பும் முன், அவர் கவனித்துவந்த ஒவ்வொருவரையும் எந்த ஏ.ஆர்.டி. மையத்தில் யாரிடம் ஒப்படைத்தோம் என்று அவரைக் கொண்டே எழுதி வாங்குங்கள். அந்த நாள்களுக்கான சம்பளத்தையும் அவருக்குக் கொடுத்துவிடுங்கள். சந்தேகம் கேட்பவர்களுக்கு 1097 என்ற இலவச எண்ணைக் கொடுங்கள்.